லண்டனுக்குள் ஓட பழைய மெர்சிடிஸ் ஈ கிளாஸ் 211 எஸ்டேட்: எந்த ஆண்டு, எந்த எஞ்சின்?

வடலி, ஹாரோ

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஆறு பேர். நாங்கள் இருவர், அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள். இப்போது இருக்கிற காரில் ஐந்து பேர்தான் போகலாம் என்பதால் கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போகும்போது யாராவது ஒருவர் பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏழு சீற் எஸ்யூவி வாங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை, உயரத்தில் காலைத் தூக்கி வைத்து ஏறவே மாட்டார். தாழ்வான, நல்ல சீற் உள்ள வண்டி வேண்டும். அப்படித் தேடிப் பார்த்ததில் 2003 முதல் 2009 வரை வந்த, 211 என்று சொல்கிற மெர்சிடிஸ் ஈ கிளாஸ் எஸ்டேட்தான் (பின்னால் நீண்ட சாமான் பகுதி உள்ள வகை) மனதுக்குப் பிடித்திருக்கிறது. பின்னால் தரையை மடித்தால் பிள்ளைகளுக்கு இரண்டு சீற் வருகிறதாம்.

கையில் 4,500 பவுண் இருக்கிறது, ஆனால் அதில் ஆயிரத்தை வாங்கிய பிறகு வரப்போகிற வேலைகளுக்கென்று தொடாமல் வைக்கப் போகிறேன். விளம்பரங்களில் பத்தில் ஒன்பது டீசல்தான். 2006க்குப் பிறகு வந்ததை வாங்கு, முந்தியதில் பிறேக் பிரச்சினை என்று ஒருவர் சொல்கிறார். பிந்தியதில் எஞ்சினே பிரச்சினை என்று இன்னொருவர். வண்டியைப் பார்க்கப் போனால் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் கணக்குப் போடுகிற ஆள், ஸ்பானர் பிடிக்கிற ஆள் இல்லை.


பொன்னி, ரீடிங்

நண்பரே, நீங்கள் லண்டனுக்கு வெளியே இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 320 சிடிஐ டீசலைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். அதிலும் 2005க்கு முன் வந்த, ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருக்கும் எஞ்சின், 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர். இந்த எடைக்கு அதைவிடப் பொருத்தமான டீசல் மெர்சிடிஸ் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் வந்த வி6 (ஆறு சிலிண்டரும் மூன்று மூன்றாக வி வடிவில் இருப்பது) டீசலும் இழுவையில் பிரமாதம்தான், ஆனால் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதன் சீல் கசிந்தால் சீல் விலை கொஞ்சம், மேலே இருப்பதையெல்லாம் கழற்றும் கூலிதான் அதிகம்.

ஆனால் நீங்கள் ஹாரோ. 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ், அதாவது கூடுதல் புகை விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் வலயம், லண்டன் முழுக்க வந்துவிட்டது, டீசல் என்றால் யூரோ 6 என்ற புகைத் தரம் வேண்டும், இந்த வண்டிகள் எதுவும் அதில் தேறாது. ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. வாரத்தில் ஐந்து நாள் எடுத்தாலே வருஷத்துக்கு 3,000 பவுண்டைத் தாண்டிவிடும், அதாவது கிட்டத்தட்ட காரின் விலை. பர்மிங்காம் மையத்துக்குள் போனால் அங்கே தனியாக 8 பவுண்டு. டீசலை மறந்துவிடுங்கள். அந்த விளம்பரங்களெல்லாம் இவ்வளவு மலிவாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம்.

வால்வோ வி70 பெட்ரோலையும் ஒரு முறை பாருங்களேன். அதிலும் பின்னோக்கிய குழந்தை சீட் வைத்தது கிடைக்கும், சொகுசு கொஞ்சம் குறைவு, தலைவலியும் குறைவு. பிஎம்டபிள்யூ 5 டூரிங் ஓட்ட இதைவிட அருமையாக இருக்கும், ஆனால் ஏழு சீட் கிடையாது, ஆகவே உங்களுக்கு ஆகாது.


இரும்புக்கை, ஈஸ்ட் ஹாம்

தம்பி வடலி, இந்த வண்டியில்தான் என் கை அதிகம் பழகியிருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. விளம்பரத்தில் மைலைப் பார்க்காதீர்கள், பளபளப்பைப் பார்க்காதீர்கள். இந்த வண்டியைப் பொறுத்தவரை இரண்டு கடதாசிதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும். ஒன்று பிறேக் பற்றிய கடதாசி, மற்றது எஞ்சின் எண். அந்த இரண்டும் கையில் இருந்தால் 140,000 மைல் ஓடிய வண்டியை நிம்மதியாக வாங்கலாம், இரண்டும் இல்லாத 60,000 மைல் வண்டியை நான் தொட மாட்டேன்.

பிறேக் கதை இது. 2002இல் இந்த மொடல் வந்தபோது எஸ்பிசி என்று ஒரு மின்சாரப் பிறேக்கைப் போட்டார்கள். நீங்கள் மிதிக்கிற மிதி நேரே சில்லுக்குப் போவதில்லை, கொம்பியூட்டர் அதை அளந்து, ஒரு பம்ப் சேர்த்து வைத்திருக்கிற அழுத்தத்தை நாலு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும். வேலை செய்யும்போது அருமையான பிறேக். ஆனால் 2004இலும் 2005இலும் லட்சக்கணக்கான வண்டிகளை இதற்காகத் திருப்பி அழைக்க வேண்டி வந்தது. பிறகு 2006 நடுவில் முகத்தை மாற்றியபோது எஸ்பிசியைத் தூக்கிவிட்டு வழக்கமான பிறேக்கைப் போட்டார்கள். அந்தப் பம்புக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், எத்தனை தடவை மிதித்தீர்கள் என்று. வரம்பைத் தாண்டினால் பம்ப் நல்லாக இருந்தாலும் டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும், மாற்றத்தான் வேண்டும். பாகமும் கூலியுமாக நாலு இலக்கத்துக்குப் போய்விடும். முற்றாகப் படுத்தால் முன் இரண்டு சில்லு மட்டும்தான் பிடிக்கும், மிதியும் ஆழத்துக்கு இறங்கும். அம்மா அப்பா பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது.

பார்க்கிற முறை சுலபம். வண்டியை அன்லொக் பண்ணிக் கதவைத் திறக்கும்போது முன்பக்கத்திலிருந்து ‘ர்ர்ர்’ என்று ஒரு சின்ன உறுமல் கேட்க வேண்டும், பம்ப் தன்னை எழுப்பிக்கொள்கிற சத்தம். அது இயல்பு. ஆனால் காரில் உட்கார்ந்து மெதுவாக நாலைந்து தடவை மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் பம்ப் நீண்ட நேரம் இரைந்தால் உள்ளே அழுத்தம் நிற்கவில்லை என்று அர்த்தம். பம்ப் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் விற்பவர் அதைத்தான் முதலில் காட்டுவார். இல்லையென்றால் மெர்சிடிஸின் ஸ்டார் டயக்னோசிஸ் என்ற சோதனைக் கருவி வைத்திருக்கிற கராஜில் அந்தக் கணக்கை வாசித்து எழுதித் தரச் சொல்லுங்கள், சாதாரண ஓபிடி கோளாறு வாசிப்பானில் இது தெரியாது. அமெரிக்காவில் இதற்கு 25 ஆண்டு உத்தரவாதம் கொடுத்தார்கள். அதைச் சொல்லி இங்கேயும் இலவசம் என்று யாராவது விற்கப் பார்த்தால் நம்ப வேண்டாம், சேசிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. எஸ்பிசி வண்டியில் பிறேக் பேட் மாற்றுவதென்றால் முதலில் அதைத் தூங்க வைக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது கதவைத் திறந்தாலே பம்ப் எழும்பி பிஸ்டனைத் தள்ளும், கலிப்பருக்குள் விரல் இருந்தால் விரல் போய்விடும். மச்சானைக் கூப்பிட்டு வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை.

அடுத்தது எஞ்சின். 350 என்றும் பிந்திய 280 என்றும் போட்டு வரும் பெற்றோல் வண்டிகளில் இருப்பது எம்272 என்கிற வி6. இழுவை, சத்தம், எல்லாம் நல்லது. ஆனால் தொடக்க காலத்தில் செய்தவற்றில் பலன்ஸ் ஷாப்ட், அதாவது எஞ்சினின் அதிர்வை அடக்குகிற தண்டின் பல்லுச்சக்கரம் மெதுவாகத் தேயும். சங்கிலி அந்தச் சக்கரத்தில்தான் சுற்றுகிறது, பல்லுத் தேயத் தேய ஒரு பக்கத்து கேம்ஷாப்ட்டின் (வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு) நேரம் பிந்திப் போகும், எஞ்சின் லைட் எரியும். சக்கரம் சின்னது, ஆனால் அதை மாற்ற எஞ்சினை வெளியே எடுத்துப் பிரிக்க வேண்டும். இந்த விலை வண்டிக்கு அந்தக் கூலி கட்டவே கட்டாது. எஞ்சின் எண்ணின் கடைசி ஆறு இலக்கம் 468993க்குக் கீழே என்றால் தேயக்கூடிய சக்கரம், மேலே என்றால் திருத்திய சக்கரம். 2006 கடைசி, 2007 தொடக்கம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள், வண்டி பதிவான ஆண்டை நம்ப வேண்டாம், எண்ணையே பாருங்கள்.

எண் கீழே இருந்தால் உடனே விட்டுவிட வேண்டும் என்றில்லை. எஞ்சினின் முன்பக்கம் மேலே இருக்கிற கேம் சென்சர்களைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியை 305 பாகையில் நிறுத்திப் பார்த்தால், சென்சர் ஓட்டைகளுக்குள்ளே கேம் வளையத்தின் கோடு நடுவில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் நடுவிலும் மற்றப் பக்கம் ஓரத்துக்கு நகர்ந்தும் தெரிந்தால் சக்கரம் தேய்ந்துவிட்டது. தெரிந்தவனுக்கு அரை மணி நேர வேலை, வாங்குவதற்கு முன் செய்ய வைக்கலாம். அதே நேரம் முன்னால் இருக்கிற கேம் மேக்னெற்றுகளின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பிளக்குக்குள் எண்ணெய் இருந்தால் அது வயர் வழியாக ஏறிப் போகத் தொடங்கியிருக்கிறது.

இந்தச் சிக்கல் எதுவும் இல்லாதது பழைய வி6, எம்112. 2003 முதல் 2005 வரை 240, 320 என்ற பெயரில் வந்தது. 320இல் 224 குதிரைத்திறன், சிலிண்டருக்கு மூன்று வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக். ராக்கர் கவர் கசியும், கிராங்க் சென்சர் சூட்டில் சாகும், கிராங்க் புல்லியின் ரப்பர் பிரியும், எல்லாமே வெளியிலிருந்து கை எட்டுகிற வேலைகள். எண்ணெயை ஒழுங்காக மாற்றினால் அந்த எஞ்சின் உங்கள் பிள்ளைகள் லைசன்ஸ் எடுக்கும் வரை ஓடும். கூடவே வருகிற ஐந்து கியர் ஓட்டோமற்றிக்கும் பிந்திய ஏழு கியரைவிட உறுதியானது. அதில் பார்க்க வேண்டியது, 2002, 2003இல் வந்த சில ரேடியேற்றர்களுக்குள் கூலன்ற் கியர் எண்ணெயோடு கலக்கும். 40 மைல் வேகத்தில் மெல்ல அழுத்தும்போது கரடுமுரடான றோட்டில் போவதுபோல் ஒரு நடுக்கம் வந்தால் அந்த வண்டி வேண்டாம். ரேடியேற்றர் மாற்றிய ரசீது இருந்தால் நல்லது.

ஆகவே என் சொல்: 320 பெற்றோல் எஸ்டேட், 2003 கடைசியிலிருந்து 2005 வரை, எஸ்பிசி பம்ப் மாற்றிய கடதாசியோடு. தேடித்தான் பிடிக்க வேண்டும், இங்கே அதிகம் விற்கவில்லை. யூலெஸ் பெற்றோலுக்கு யூரோ 4 கேட்கிறது. இந்த வண்டிகள் பெரும்பாலும் தேறும், ஆனால் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே நம்பர் பிளேற்றை டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்துத் துறை) இணையதளத்தில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.


மல்லிகை அக்கா, மில்டன் கீன்ஸ்

தம்பிமார் எஞ்சினைப் பற்றியே பேசுகிறீர்கள், வரியை ஒருவரும் சொல்லவில்லையே. 2006 மார்ச் 23க்கு முன் பதிவான கார் எவ்வளவு புகை விட்டாலும் ரோட் டாக்ஸ் கே பட்டையோடு நின்றுவிடும். அதற்குப் பின் பதிவானது கிலோமீற்றருக்கு 225 கிராம் கார்பன் டை ஒக்சைட்டைத் தாண்டினால் எல், 255ஐத் தாண்டினால் எம். கே பட்டைக்கும் எல் பட்டைக்கும் ஆண்டுக்கு சுமார் 300 பவுண் வித்தியாசம். பிறேக் மாறியது 2006 நடுவில், வரி மாறியது 2006 மார்ச்சில். ஆக எஸ்பிசி இல்லாத 350 வேண்டுமென்றால் பெரும்பாலும் கூடிய வரி கட்டியே ஆக வேண்டும். வி5சி லாக்புக்கில் வி.7 என்ற இடத்தில் கிராம் எழுதியிருக்கும், சில வண்டிகள் ஒன்றிரண்டு கிராமில் தப்பியிருக்கும்.

தப்புகிற ஒன்று 200 கொம்ப்ரெசர். 2006க்குப் பிந்தியதில் 184 குதிரைத்திறன், நாலு சிலிண்டர், எஸ்பிசி இல்லை, அந்தப் பல்லுச்சக்கரமும் இல்லை, வரியும் குறைவு. ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு மோட்டர்வே ஏற்றத்தில் கொஞ்சம் முக்கும், அதற்கு மேல் குறை சொல்ல முடியாது. அதில் சங்கிலி நீளும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது முதல் ஓரிரு விநாடி சங்கிலி சலசலக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இனி முக்கியமானது, உங்களுக்கு வேண்டிய அந்த இரண்டு சீற். எல்லா எஸ்டேட்டிலும் அது இல்லை. படத்தைப் பார்த்து முடிவு பண்ண வேண்டாம், பின் தரைப் பலகையைத் தூக்கி, சீற்றை விரித்து, பெல்ற் இரண்டும் வேலை செய்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். பின்னோக்கி உட்கார வேண்டும், பிள்ளைகளுக்கு மட்டும்தான், கால் நீட்ட இடமில்லை. மூத்த பிள்ளை பன்னிரண்டு வயதைத் தாண்டியிருந்தால் இந்தத் திட்டமே இரண்டு வருடத்துக்கு மேல் நிற்காது. சீற் விரித்தால் சாமான் வைக்கவும் இடமில்லை. மடித்துவிட்டால் 690 லீற்றர், நடு வரிசையையும் மடித்தால் 1,950. அப்போது ஒரு வீட்டுச் சடங்குக்கான பாத்திரமெல்லாம் ஒரே தடவையில் போய்விடும், அந்த இடவசதிக்காகவே இந்த வண்டியை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி.


இரும்புக்கை, ஈஸ்ட் ஹாம்

அக்கா சொன்னது அத்தனையும் சரி. 200 கொம்ப்ரெசரை நான் ஒதுக்கவில்லை, எடைக்குச் சின்ன எஞ்சின் என்பதுதான் என் தயக்கம். ஊருக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் அதையே எடுங்கள், 320 ஊருக்குள் கலனுக்கு 20 மைல் தந்தாலே பெரிது.

எஸ்டேட்டுக்கே உரிய சில விஷயங்கள். பின் சஸ்பென்ஷன் எல்லா எஸ்டேட்டிலும் காற்றுப் பை. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது, அதுதான் அதன் அழகு. ஆனால் ரப்பர் மடிகிற இடத்தில் வெடித்துக் காற்று கசியும், கசிகிற பைக்குக் காற்றடித்து அடித்துக் கம்பிரசரும் கருகும். காலையில் விற்பவர் வண்டியைத் தொடுவதற்கு முன் போய், பின் சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் ஒரு நாடாவால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் பை போய்விட்டது. ஸ்டார்ட் பண்ணிய பிறகு மேலே ஏறி வந்துவிடும், பிறகு பார்த்துப் பயனில்லை.

பின் கதவை முழுக்கத் திறந்து, கூரையோடு சேர்கிற இடத்தில் வயர் போகிற ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள், உள்ளே வயர் முறிந்திருந்தால் பின் வைப்பர், நம்பர் பிளேற் லைட் எல்லாம் நினைத்தபோது வேலை செய்யும். ஸ்பேர் சில்லுப் பள்ளத்தில் கையை வைத்து ஈரம் தேடுங்கள். எஸ்பிசி உள்ள வண்டிக்கு இரண்டு பற்றரி, பெரியது பின்னால் சாமான் பகுதியில், சின்னது முன்னால். பின்னால் தண்ணீர் இறங்கினால் அங்கே இருக்கிற மின் பெட்டியும் நனையும், அதற்குப் பிறகு வரும் கோளாறுகளுக்கு முடிவே இல்லை.

எம்ஓடி (ஆண்டுச் சோதனை) வரலாறு அரசாங்க இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், நம்பரை அடித்தால் போதும். மைல் வருடா வருடம் ஒழுங்காக ஏறுகிறதா, ‘கொரோஷன்’ (துரு) என்ற சொல் எத்தனை வருடமாகத் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ஒரே எச்சரிக்கையை நாலு வருடம் எழுதியும் செய்யாத ஆள் எண்ணெயை மட்டும் ஒழுங்காக மாற்றியிருப்பார் என்று நினைக்க நியாயமில்லை.


வடலி, ஹாரோ

அனைவருக்கும் மிக்க நன்றி, அக்காவுக்குத் தனியாக. மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு, ஆகவே சீற் சில வருடத்துக்குக் காணும். நீங்கள் சொன்னதை வைத்து வடிகட்டியதில் இரண்டு வண்டி மிஞ்சியிருக்கிறது, இரண்டிலும் பின் சீற் இருக்கிறது, இரண்டும் டிஎஃப்எல்லில் தேறுகிறது.

ஒன்று 2004, 320, 128,000 மைல், 3,200 பவுண். எஸ்பிசி பம்ப் 2019இல் மாற்றிய ரசீது படம் அனுப்பியிருக்கிறார். எம்ஓடியில் பின் பிறேக் குழாய் துரு என்று இரண்டு வருடமாக இருக்கிறது. மற்றது 2007, 350, 91,000 மைல், 3,450. பார்க்கப் புதுசு மாதிரி. எஞ்சின் எண் கேட்டேன், “அதெல்லாம் எதற்கு, ஸ்மூத்தாக ஓடுது, வந்து பாருங்கள்” என்கிறார். மனைவிக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.


இரும்புக்கை, ஈஸ்ட் ஹாம்

தம்பி, 350காரரிடம் இன்னொரு தடவை கேளுங்கள், எண் இல்லாவிட்டால் சேசிஸ் எண்ணாவது தரச் சொல்லுங்கள், அதைக் கொண்டு டீலரிடம் உள்ள வண்டி விவரப் பதிவில் (டேட்டா கார்ட்) எஞ்சின் எண்ணை எடுக்கலாம். இரண்டையும் தராவிட்டால் தங்கச்சியிடம் காரணத்தை விளக்கிச் சொல்லிவிட்டு அதை விட்டுவிடுங்கள்.

2004க்குப் போங்கள். பிறேக் குழாய்த் துரு பயப்படுகிற விஷயமில்லை, ஆனால் பின்பக்கம் எவ்வளவு கழற்ற வேண்டும் என்பதைப் பொறுத்துக் கூலி ஏறும், அதைச் சொல்லி 300 பவுண் குறைத்துக் கேளுங்கள், 250க்கு வருவார். பம்ப் ரசீதில் வண்டியின் நம்பரும் மைலும் எழுதியிருக்கிறதா, அந்த மைல் அந்த வருட எம்ஓடி மைலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய பம்பை வாங்கிப் போட்டிருந்தால் கணக்கு பாதியிலிருந்துதான் தொடங்கியிருக்கும், ஆகவே ஸ்டார் வாசிப்பு இல்லாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். காலையில் போங்கள், அளக்க நாடா கொண்டு போங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் முன் சீற்றில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். வாசிப்பு கையில் வந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.